பதினோராவது மேகம்

என் வீட்டுக்காரரோடு துணிக்கடைக்குப் போவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நீலச் சட்டையை எடுப்பார், கண்ணாடி முன்னால் பிடிப்பார், வைப்பார். சாம்பல் நிறத்தை எடுப்பார். மறுபடி நீலம். கடைக்காரர் கொட்டாவி விட ஆரம்பித்த பிறகு, "நீயே சொல்லும்மா" என்று என் தலையில் கட்டுவார். நான் நீலம் என்பேன். வீட்டுக்கு வந்ததும், "சாம்பலே எடுத்திருக்கலாமோ?" என்பார். முப்பத்தோரு வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது. நான் தையற்காரி. அளவெடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்திரியை வைத்துவிட்டால் அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டேன். எனக்குப் போய் இப்படி ஒரு ஆளைப் பார்த்துக் கட்டிவைத்தார்களே என்று என் அண்ணன் மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

அவருக்குப் படம் வரைகிற வேலை. பூவும் மயிலும் வரைகிற வேலை இல்லை. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போடுகிற அளவுப் படம். சுவர் எத்தனை சென்டிமீட்டர், திருகாணி எந்த இடத்தில், கதவு எந்தப் பக்கம் திறக்கும், இதெல்லாம் அவர் கோட்டில்தான் இருக்கும். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் இருபது வருஷம் ஆகியும், காதில் ஒரு பென்சிலும் சட்டைப்பையில் ஒரு ரப்பரும் இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டார். ஒரு கோட்டைப் போட்டு, அழித்து, மறுபடி போட்டால்தான் அவருக்கு நிம்மதி. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ரப்பர் என்று ஆகிவிட்டது. முதலாளிகூட, "ரப்பரைக் கூப்பிடு" என்பார்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"நினைவுச்சின்னம் வரையணுமாம். குளிர்க் கிடங்குல போனவங்களுக்கு."

"நல்ல விஷயம்தானே?"

"என்கிட்ட குடுத்திருக்காங்க."

"அதுதான் கேக்கறேன், நல்ல விஷயம்தானே?"

அவர் காதுப் பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். வழக்கமான தடுமாற்றம் என்று நினைத்துவிட்டு நான் தேநீர் போடப் போனேன்.

குளிர்க் கிடங்கில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு. மீனும் காய்கறியும் உறைய வைத்து அடுக்குகிற இடம். கட்டியபோது எல்லாம் தானியங்கி. கூரையில் ஒரு கருவி, எல்லோரும் அதைக் கண் என்பார்கள். அது உடம்புச் சூட்டைப் பார்க்கும். குளிர வைக்கிற வாயு கசிந்தால் கண் உள்ளே ஒரு சுற்றுப் பார்க்கும். ஆள் இருந்தால் கதவைத் திறந்துவிடும். இல்லையென்றால், விஷவாயு ஊருக்குள் போகாதபடி கதவை இறுக்கி மூடிவிடும். திறப்பு விழாவில் நாலு பேர் சட்டையோடு உள்ளே போய் நின்று காட்டினார்கள். கண் நாலு பேரையும் எண்ணிச் சொன்னது. நாங்களெல்லாம் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து வாயு கசிந்த அன்று உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். கண் ஒரு சுற்றுப் பார்த்தது, யாரும் இல்லை என்று முடிவு கட்டியது, கதவை மூடியது. அந்த ஐந்து பேரும் சட்டையோடு நிற்கவில்லை. தடித்த கோட் போட்டிருந்தார்கள்.

அந்தக் கோட்டைத் தைத்தவள் நான்.

நாற்பத்திரண்டு கோட். மூன்று அடுக்கு, நடுவில் பஞ்சு, கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கம். "என் கோட்டைத் தாண்டி ஒரு துளி சூடு வெளியே வராது" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள். விசாரணை அறிக்கையில் எனக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. கோட் தரமானது என்றுகூட ஒரு வரி இருந்ததாம். கருவி தவறிவிட்டது என்று எழுதி முடித்தார்கள். ஒரு கண் இருந்த இடத்தில் நாலு கண் வைத்தார்கள், கிடங்கைத் திறந்தார்கள். அந்த ஒரு வரி இருக்கிறதே, தரமானது என்று, அதை நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவரிடமும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தார். முதல் நாள் ஐந்து கற்கள். மறுநாள், ஐந்து கற்கள் சுடுகாடு மாதிரி இருக்கிறது என்று ஐந்து படிகள். படி என்றால் எங்கேயோ ஏறிப் போகிற மாதிரி இருக்கிறதாம். அதை அழித்துவிட்டு ஒரு காலி நாற்காலி. அப்புறம் உடைந்த பல்சக்கரம். பல்சக்கரத்தைப் பார்த்த என் அண்ணன், "மாப்பிள்ளை, இது வண்டி ரிப்பேர் கடை விளம்பரமா?" என்று கேட்டுவிட்டார். அதுவும் போயிற்று. சாப்பிட மேசையில் இடம் இல்லாமல் நான் இரண்டு வாரம் தையல் மிஷின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டேன்.

நகரசபைக் குழு தன் பங்குக்கு ஒரு யோசனை அனுப்பியது. ஒரு கண்ணாடித் தூண். பக்கத்தில் ஆள் வந்தால் அதற்குள் ஐந்து விளக்கு தானாக எரியும்.

"வந்தது ஆளுதான்னு அந்தத் தூணுக்கு எப்படித் தெரியுமாம்?" என்று கேட்டேன்.

"கண்ணு வைப்பாங்களாம்" என்றார் இவர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இவர்களை என்ன செய்வது?

இதற்கு நடுவில்தான் வண்டிக்காரர் மனைவி என் கடைக்கு வந்தாள். செத்துப்போன ஐந்து பேரில் ஒருவர் கிடங்குக்குள் பாரந்தூக்கி வண்டி ஓட்டியவர், அவர் மனைவி. கணவர் வேலையை நிர்வாகம் அவளுக்குக் கொடுத்திருந்தது. இதுவரை வெளியே சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பை. பைக்குள் அவருடைய இன்னொரு கோட், போட்டு அதிக நாள் ஆகாதது.

"அக்கா, கை நீளத்தைக் குறைச்சு, தோள்ல கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க. திங்கட்கிழமையிலேர்ந்து எனக்கு உள்வேலை."

"எந்த உள்ள?"

"என்னக்கா கேள்வி? அந்த உள்ளதான்."

அளவெடுத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எடுத்தேன். அவள் போன பிறகு கோட்டை மேசையில் விரித்து, கத்திரியை எடுத்து, அப்படியே நின்றேன். இதே தடிமனில் விட்டால் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். ஒரு அடுக்கை உருவினால் கண்ணுக்குத் தெரிவாள், ஆனால் குளிரில் விறைத்துப் போவாள். புதுக் கண் கோட்டுக்குள்ளேயும் பார்க்கும் என்கிறார்கள். பழைய கண்ணையும் இப்படித்தான் புகழ்ந்தார்கள். ஒரு அடுக்கா, மூன்று அடுக்கா? சட்டை எடுக்க அரைநாள் நிற்கிற மனுஷனைத் திட்டித் தீர்த்த நான், ஒரு கோட்டை வைத்துக்கொண்டு நாலு நாள் நின்றேன். கத்திரி வைக்க முடியவில்லை.

புதன்கிழமை காலையில், மேசையைத் துடைக்கலாம் என்று அவருடைய தாள்களை அடுக்கினேன். பதினேழு படம். எல்லாத் தாளிலும் வலது கீழ் மூலையில் ஒரே இடம் தேய்ந்திருந்தது. எதையோ வரைந்து, அழித்து, வரைந்து, அழித்து, பழைய சட்டையின் முழங்கை மாதிரி தாள் மெலிந்து போயிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதினேழிலும் ஒரே படம்தான். சின்னதாக ஒரு கதவு.

"என்னங்க இது?" என்று தாளை நீட்டினேன்.

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். பீரோ மேலிருந்து ஒரு அட்டைக் குழாயை எடுத்தார். அதிலிருந்து மஞ்சளாகிப்போன ஒரு படத்தை உருவி மேசையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"கதவு."

"இது?"

"பிடி."

"எந்தப் பக்கம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன இன்ஜினியரா?"

"உள்பக்கம்" என்றார். "கிடங்குக் கதவுதான். முதல் படம். உள்ள மாட்டிக்கிட்டா, கையால திறக்கற பிடி. நான் வரைஞ்சது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கிடங்குக் கதவில் உள்பக்கம் பிடி கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவர் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஒரு படத்தில் எதையாவது மாற்றினால், மாற்றிய இடத்தைச் சுற்றி நெளிநெளியாக ஒரு கோடு போட வேண்டும். மேகம் என்பார்கள். பக்கத்தில் ஒரு முக்கோணம், அதற்குள் எத்தனையாவது திருத்தம் என்று எண், ஓரத்தில் திருத்தியவர் கையெழுத்து. படத்தைச் சரிபார்க்கிறவர் முழுப் படத்தையும் பார்க்க மாட்டார். மேகம் இருக்கிற இடத்தை மட்டும்தான் பார்ப்பார். மேகம் இல்லாத இடம் மாறவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது திருத்தத்தில் பதினொரு மாற்றம். அதில் ஒன்று, உள்பிடியை எடுத்துவிடுவது. பிடிக்குப் போட்ட துளை வழியாகக் குளிர் கசியும், கண்தான் இருக்கிறதே, பிடி எதற்கு என்று முதலாளி போனில் சொன்னாராம். இவர் எடுத்தார், மேகம் போட்டார். மனசு கேட்கவில்லை. பிடியைத் திரும்ப வரைந்தார், மேகத்தை அழித்தார். முதலாளிக்குப் போன் போட்டார், திட்டு வாங்கினார். பிடியை மறுபடி எடுத்தார்.

"மேகம்?" என்றேன்.

"பத்து இடத்துல இருக்கு."

மாற்றம் பதினொன்று என்று இப்போதுதான் சொல்லியிருந்தார்.

"போட்டு அழிச்சு போட்டு அழிச்சு, கடைசியில போட்டதா நினைச்சுட்டேம்மா. போடலை. கையெழுத்து மட்டும் போட்டிருக்கேன்."

நான் கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் வாயில் முதலில் வந்தது, "அதைக் கிழிச்சுப் போடுங்க" என்பதுதான். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. கேஸ் ஆனால் என்ன ஆகும்? வீதியில் எப்படி நடப்பது? வண்டிக்காரர் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது?

"திங்கட்கிழமை அந்தப் பொண்ணு உள்ள போறா" என்றார்.

"அதான் நாலு கண்ணு வச்சிருக்காங்களே?"

"வச்சிருக்காங்க."

"அப்புறம் என்ன?"

"பிடி இல்லை. இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது. அதனாலதான் யாரும் திரும்ப வைக்கலை."

"மேகம் போட்டிருந்தா, சரிபாக்கறவர் பிடியை எடுக்காதேன்னு சொல்லியிருப்பாரா?"

"சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்."

"ஐயோ, ஒரு கேள்விக்காவது நேராப் பதில் சொல்லுங்களேன்!"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்று அவரும் கத்தினார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். அழும்போது நான் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்மா" என்றார். கண் குற்றமா, கோட் குற்றமா, போனில் சொன்னவர் குற்றமா, மேகம் போடாதவர் குற்றமா என்று அன்று பகல் முழுக்கப் பேசினோம். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தோம். சாயங்காலம் தலைவலிதான் மிச்சம்.

வியாழக்கிழமை என் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் தச்சர்.

"மச்சான், ஒரு கதவு வேணும். முழு அளவுல. பின்னால ஒரு ஆள் நிக்கிற மாதிரி பலகைக் கூண்டு. சனிக்கிழமை கூட்டத்துக்குள்ள."

"மாப்பிள்ளை, பாதியில மனசு மாறுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க. பலகை வீணாப் போயிடும்."

"மாறாது."

"பிடி எந்த உயரத்துல?"

"தரையிலேர்ந்து ஒரு மீட்டர் அஞ்சு சென்டி. உள்பக்கம்."

ஒரு அளவைத் தடுமாறாமல் சொல்கிறாரே என்று அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிடியை மட்டும் மரத்தில் செய்யவில்லை. பழைய படத்தில் இருந்த அளவுக்கு இரும்பிலேயே பட்டறையில் அடித்து வாங்கினார்கள்.

சனிக்கிழமை நகரசபைக் கூட்ட அறை. ஐந்து குடும்பங்களும் வந்திருந்தன. குழுத் தலைவி, இவருடைய முதலாளி, கடைசி வரிசையில் நானும் அண்ணனும். மேடை ஓரத்தில் கதவு நின்றது. உள்பக்கத்தில் பிடியைச் சுற்றி வெள்ளை சாக்பீஸால் ஒரு மேகம், முக்கோணம், அதற்குள் மூன்று. சாக்பீஸ் என்னுடையது.

இவர் எழுந்தார். "வந்து..." என்றார். தொண்டையைக் கனைத்தார். "அதாவது..." என்றார். போச்சு, சாம்பலா நீலமா என்று ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். சட்டைப்பையில் கைவிட்டு அந்த ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிட நேராகச் சொன்னார்.

முதலாளி எழுந்து, "ரப்பர், உட்காருங்க. அவருக்கு உடம்பு சரியில்லை" என்றார்.

"சார், போன்ல எடுக்கச் சொன்னது நீங்க. எடுத்தது நான். மேகம் போடாம விட்டது நான் மட்டும்தான். அதை யார் தலையிலயும் கட்ட நான் வரலை."

இறந்தவர்களில் ஒருவருடைய அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. இவரை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். குழுத் தலைவி கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினாள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது.

வண்டிக்காரர் மனைவி எழுந்து கதவுகிட்டே போனாள்.

"உள்ள போய்ப் பார்க்கலாமா?"

இவர் தலையாட்டினார். அவள் உள்ளே போனாள். கதவை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இவர் கதவை நோக்கி ஒரு அடி வைத்தார், நின்றார். அண்ணன் எழுந்தார்; சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். மூடிய கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அப்போது தெரிந்தது. அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

டக் என்று ஒரு சத்தம். கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். கண் காய்ந்துதான் இருந்தது.

"இவ்வளவு லேசா?" என்று கேட்டாள்.

"கையுறை போட்ட கையால, ஒரே கையில திறக்கணும்னு..." இவர் பிடியைத் தொட்டுக் காட்டினார். "முதல் படத்துலயே எழுதியிருந்தேன்மா."

அவள் பிடியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். அறைந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"இதை இங்க எதுக்கு வைக்கறீங்க?" என்றாள். "நான் திங்கட்கிழமை போற கதவுல வைங்க."

"அது வேற விஷயம்மா. இது நினைவுச்சின்னம் பத்தின கூட்டம்..." என்று குழுத் தலைவி இழுத்தாள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணே, ஸ்க்ரூடிரைவர் இருக்கா?" என்று என் அண்ணனைக் கேட்டாள். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். அதை இவர் வாங்கிக்கொண்டார். நாலு திருகாணியையும் தன் கையாலேயே கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்து, பிடியோடு சேர்த்து அவள் இரண்டு கையிலும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கத்திரியை எடுத்தேன். மூன்று அடுக்கும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, கையைக் குறைத்து, தோளைப் பிடித்து, உள்பக்கம் ஆழமாக ஒரு பை தைத்தேன். செய்தது சரியா என்று எனக்கு இப்போதும் தெரியாது. சாயங்காலம் வந்து போட்டுப் பார்த்தாள். பிடியை அந்தப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கிடங்குக் கதவுக்கு வெளியே இருபத்தெட்டுப் பேர், நான் தைத்த கோட்டோடு, வெயிலில் நின்றார்கள். பிடி வைக்கிற வரைக்கும் உள்ளே போக மாட்டோம் என்றார்கள். பதினொரு நாள் நின்றார்கள். புதிதாக ஒன்று செய்து தருகிறோம் என்று நிர்வாகம் இறங்கி வந்தபோது, அவள் பைக்குள் கைவிட்டு, "இதை வைங்க, போதும்" என்றாளாம். பன்னிரண்டாம் நாள் துளை போட்டு மாட்டினார்கள்.

இவருக்கு வேலை போயிற்று. விசாரணைக்கு மூன்று தரம் கூப்பிட்டார்கள். அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது அண்ணன் பட்டறையில் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் படம் போடுகிறார். வண்டிக்காரர் மனைவி பொத்தான் அறுந்தால் என்னிடம்தான் வருகிறாள். இவர் எதிரே இருந்தால் பேச மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டாள். அவள் மன்னித்துவிட்டாளா என்று இவரிடம் ஒரு நாள் கேட்டேன். "எனக்கும் தெரியலைம்மா" என்றார். இந்தத் தடவை நான் கத்தவில்லை.

நினைவுச்சின்னக் குழு ஆறு தடவை கூடிவிட்டது. கண்ணாடித் தூண் பேச்சு இன்னும் ஓடுகிறது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று அண்ணன் அந்தக் கதவைக் கொண்டுபோய், ஒதுக்கிய இடத்தில் கூண்டோடு நட்டுவைத்தார். மழையில் சாக்பீஸ் கரைந்துவிடும். வாரம் ஒரு தரம் இவர் என் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய், நாலு ஓட்டையைச் சுற்றி மேகத்தைத் திரும்ப வரைந்துவிட்டு வருவார். ரப்பர் கொண்டுபோவதில்லை.

பார்க்க வருகிறவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிடியைத் தேடுவார்கள். ஓட்டையைத் தடவுவார்கள். கொஞ்ச நேரம் திகைத்து நிற்பார்கள். அப்புறம் தள்ளினால் திறந்துகொள்ளும், பிடியோடு தாழும் போய்விட்டது. வெளியே வந்ததும் இவரைப் பார்த்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான், பிடி எங்கே என்று.

"வேலைக்குப் போயிருக்கு" என்பார்.